மிசாகாவின் மூன்று ஆட்டங்கள்

1947 நவம்பரில் நியூயார்க் நிக்ஸ் அணிக்காக வாட் மிசாகா மூன்றே ஆட்டங்கள் ஆடினார். எடுத்தது 7 புள்ளிகள். பிறகு அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். தொழில்முறைக் கூடைப்பந்தில் அவர் கணக்கு அவ்வளவுதான். ஆனால் நிக்ஸ் ஆடிய, பின்னாளில் என்.பி.ஏ. ஆன லீக்கில் வெள்ளையரல்லாத முதல் ஆட்டக்காரர் அவர். கறுப்பின வீரர்களுக்கு அங்கே கதவு திறக்க 1950 ஆயிற்று.

யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஜப்பானியக் குடியேறியின் மகன். உயரம் 5 அடி 7 அங்குலம். 1944இல் யூட்டா பல்கலைக்கழகம் தேசியப் பட்டம் வென்றபோது அந்த அணியில் இருந்தார். அந்தப் போர்க்காலத்தில் அதே மாநிலத்தின் டோபாஸ் முகாமில் ஆயிரக்கணக்கான ஜப்பானிய அமெரிக்கர்கள் முள்வேலிக்குள் அடைபட்டிருந்தார்கள். அவர்கள் மேற்குக் கடற்கரையில் குடியிருந்தவர்கள், இவர் குடும்பம் உள்நாட்டில் இருந்தது. வித்தியாசம் அது ஒன்றுதான். அப்புறம் ராணுவம். அமெரிக்கச் சீருடையில் ஹிரோஷிமாவுக்குப் போய், அணுகுண்டுக்குத் தப்பியவர்களைச் சந்தித்துப் பேசும் வேலை. அந்த முகங்களின் முன்னால் தன் முகத்தோடு உட்கார்ந்திருந்தவரின் மனநிலையை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. திரும்பி வந்தவர் மறுபடி பந்தைத் தொட்டார். 1947இல் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த பல்கலைக்கழகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் கென்டக்கியின் ரால்ஃப் பியர்டை ஒரே புள்ளியில் நிறுத்தினார். அதன் பிறகுதான் நிக்ஸ் அவரை எடுத்துக்கொண்டது.

முதுமையில், நீக்கப்பட்டது இனத்தினால்தானா என்று கேட்டவர்களிடம் அவர் அப்படிச் சொல்லவில்லை. அணியில் தன்னைப்போல் ‘கார்டு’ (guard) இடத்தில் ஆடுகிறவர்கள் அதிகமாக இருந்தார்கள் என்றார். இந்தப் பதில் என்னை வெகுநாள் உறுத்தியது. அவர் கோபப்பட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அந்தக் கோபம் யாருக்குத் தேவைப்பட்டது? அவருக்கா, அவரை ஓர் அடையாளமாக்கிப் பார்க்க விரும்பும் எனக்கா? தனக்கு நேர்ந்தது எவ்வளவு பெரிய காயம் என்று தீர்மானிக்கிற உரிமை காயப்பட்டவருக்குத்தான் முதலில் உண்டு. நாம் நல்லெண்ணத்தோடுதான் அதைப் பறித்துக்கொள்கிறோம். ஆனால் அவர் மனக்குறை இல்லாமல் வாழ்ந்தது அந்த லீக்குக்குக் கிடைத்த நற்சான்றிதழ் ஆகாது. அவர் மன்னித்தாரா, பொருட்படுத்தவே இல்லையா என்பது அவர் விஷயம். அன்றைக்கு அத்தனை அணிகளிலும் ஒரு கறுப்பர்கூட இல்லாமல் இருந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு.

நீக்கப்பட்டவரை ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணி அழைத்தது. ஊர் ஊராகச் சுற்றி ஆடி, பேரும் வருமானமும் பார்த்திருக்கலாம். அவர் யூட்டாவுக்குத் திரும்பி, பாதியில் விட்ட பொறியியல் படிப்பை முடித்து, சால்ட் லேக் நகரில் பொறியாளரானார். 2019இல், 95 வயதில் காலமானார். அந்த அழைப்பை விட்டு அவர் ஊர் திரும்பியதைப் பலகாலம் தியாகம் என்றே நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பந்து கையைவிட்டுப் போனபோது செய்வதற்கு அவரிடம் இன்னொரு வேலை இருந்தது, அதுவும் அவருக்குப் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன்.