திருட்டா, தானமா, உரிமையா?

விற்பனைக்கு இருக்கும் ஒரு பொருளை வாங்கப் பணமில்லாத ஒருவன், அதை விற்றுப் பிழைப்பதற்காக அன்றிக் கற்றுப் பிழைப்பதற்காக அதன் நகலொன்றை எடுத்துக்கொள்வானாயின், அவனைத் திருடன் என்று சொல்லலாமா? இக்கேள்வி திண்ணை வேதாந்திகளின் பொழுதுபோக்குக்காக எழுந்ததன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் கூடும் நம்மவருள், பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் கணினிப் பரீட்சைக்குப் படிக்கும் வாலிபர்களுக்கு இஃது அன்றாடச் சங்கடமாக இருந்துவருகிறது.

விஷயத்தை அறியாதோருக்காகச் சிறிது விளக்குவோம். ஓர் அலுவலகத்தில் நூறு கணினிகள் இருந்தால், யார் உள்ளே வரலாம், எவர் எந்தக் கோப்பைப் பார்க்கலாம், கடிதங்கள் எவ்வழியே போகவேண்டும் என்பவற்றையெல்லாம் பின்னாலிருந்து நடத்தும் கணினிக்குச் சர்வர் என்று பெயர். அதை ஆளத் தெரிந்தவனுக்கு நல்ல உத்தியோகம் உண்டு. தெரியும் என்பதைக் காட்டச் சான்றிதழ் வேண்டும். அச்சான்றிதழைத் தருவது பெரும்பாலும் பல்கலைக்கழகமன்று; அந்த மென்பொருளை விற்கும் கம்பெனியேயாகும். நீச்சல் பரீட்சை வைப்பவரே குளத்துக்கும் சொந்தக்காரர். குளத்தில் இறங்குவதற்குக் கட்டணம் விதிப்பவரும் அவரே. மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸ் சர்வர் 2022 சாதாரணப் பதிப்புக்கு அமெரிக்கப் பட்டியல் விலை 1,069 வெள்ளியாக இருந்தது. அதனை அணுகுவோருக்கான அனுமதி உரிமங்களுக்கு விலை வேறு. கம்பெனிகளுக்கு இது பெரிய தொகையன்று. கட்டடத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்து ஊருக்குப் பணம் அனுப்பும் ஒருவன், பழகிப் பார்த்துவிட்டு மூடி வைப்பதற்காக இத்தனை வெள்ளி கொடுப்பானா?

கொடுக்கமாட்டான். ஆகவே நகலெடுத்தான். நகல் தட்டுகளைச் சில்லறையாக விற்ற கடைகள் இந்நகரில் ஒருகாலத்தில் மறைவாகக்கூட நடக்கவில்லை என்பதை நாற்பது வயது கடந்தோர் அறிவர். 1987இல் சிங்கப்பூருக்கெனக் காப்புரிமைச் சட்டம் வந்தது; இன்று நடப்பது 2021 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டம். சட்டம் என்ன சொல்கிறது என்பதில் ஐயமில்லை. நியாயம் என்ன சொல்கிறது என்பதே நமது விசாரணை.

1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தாமும் தம் கூட்டாளிகளும் எழுதிய பேசிக் மென்பொருளைப் பெரும்பாலோர் விலை கொடாமலே பயன்படுத்துகின்றனர். உழைத்தவனுக்குக் கூலி இல்லையேல் நல்ல மென்பொருளை எவன் எழுதுவான் என்பது அதன் சாரம். உழைப்புக்குக் கூலி வேண்டும் என்பதை, ரப்பர் மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம் மறுக்க இயலாது. ஆனால் அதே கேட்ஸ் 1998இல் சீனத்தைப் பற்றிப் பேசும்போது, எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் தமது சரக்கையே திருடட்டும், பழகிப்போன பிறகு வசூலிக்கும் வழியைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற கருத்துப்படச் சொன்னார். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஏழை நகலெடுத்தால் முதலாளிக்கு நஷ்டம் என்று நாம் நினைக்கிறோம். முதலாளியோ சில வேளைகளில் அதைச் சம்பளமில்லாப் பயிற்சி என்று கணக்கில் வரவு வைக்கிறார்.

இங்கு ஏகலைவன் கதை நினைவுக்கு வருகிறது. துரோணர் கற்பிக்க மறுத்தார். அவனோ அவரைப்போல் ஒரு மண் உருவம் செய்து அதன் முன் வில் பழகினான். உரிமையாளரின் அனுமதியின்றி எடுத்த நகல் என்று அதைச் சொன்னால் கதையைப் புனிதமாகக் கொள்வோர் கோபித்துக்கொள்ள வேண்டாம். கற்று முடிந்தபின் உரிமையாளர் வந்து கட்டைவிரலைக் கேட்டார். கேட்டவரை நாம் எத்தனையோ முறை கண்டித்திருக்கிறோம். ஆனால் கொடுத்தவன் ஏன் கொடுத்தான் என்பதை அவ்வளவாகக் கவனித்ததில்லை. தான் கற்றது தனக்கு உரிமையானது என்ற எண்ணம் அவன் உள்ளத்தில் இல்லை. அவர் பொருளை எடுத்துக்கொண்டோம் என்ற கூச்சமே இருந்தது. கள்ள நகலில் பழகுகிறவனின் நிலையும் இதுவே. சந்தேகம் வந்தால் வெளிப்படையாகக் கேட்கமாட்டான். கோளாறு வந்தால் திருத்தம் பெறமாட்டான். நகலோடு வேறெந்தக் கேடு ஒட்டிக்கொண்டு வந்தது என்பதும் அவனுக்குத் தெரியாது. வேலை அனுமதிச் சீட்டில் இந்நாட்டிலிருப்பவனுக்குச் சட்டத்தின் கை இன்னும் அருகில் இருக்கிறது. இவையெல்லாவற்றையும் எண்ணியே நாம் நகலை வேண்டாம் என்கிறோமேயன்றி, முதலாளியின் பெட்டி நிரம்பவில்லையே என்ற துக்கத்தால் அல்ல.

நிற்க. நகல் வேண்டாமெனில் வேறு வழி யாது? கம்பெனிகள் கொடுக்கும் இலவசங்கள் உண்டு. விண்டோஸ் சர்வரைச் சோதித்துப் பார்க்க 180 நாள் தவணை தருகிறார்கள். ஆறு மாதம் தாராளம் என்பர். கல்லூரி மாணவனுக்குத் தாராளம்தான். வாரத்தில் ஒரே நாள் ஓய்வுள்ளவனுக்கு 180 நாள் என்பது ஏறக்குறைய 26 ஞாயிற்றுக்கிழமைகள். அவற்றுள் ஊருக்குப் பணம் கட்டவும், துணி துவைக்கவும், மிகை வேலைக்கும் போனவை நீக்கி மிஞ்சுவது எவ்வளவு? தவணை தீர்ந்தால் மறுபடியும் புதிதாக நிறுவிக்கொள்ளலாம். கட்டிய வீட்டை இடித்துவிட்டு அஸ்திவாரத்திலிருந்து தொடங்குவதுபோல. ஆயினும் இது நேர்மையான வழி. மைக்ரோசாப்ட் பரீட்சைக்குப் படிப்போர் இதைப் பயன்படுத்திக்கொள்வதே தகும்.

ஆனால் தானத்தின் குணம் ஒன்றுண்டு. கொடுத்த கை எப்போது வேண்டுமானாலும் மூடிக்கொள்ளும். டெக்நெட் என்ற ஆண்டுச் சந்தா ஒன்றை மைக்ரோசாப்ட் நடத்திவந்தது. சில நூறு வெள்ளிக்குப் பெரும்பாலான சர்வர் மென்பொருள்களையும் சோதனைக்காகப் பெறலாம். 2013 ஆகஸ்டோடு அதன் விற்பனை நின்றது. ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டப் பலரும் நம்பியிருந்த விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பை, அக்கம்பெனியை வாங்கிய பிராட்காம் 2024 பிப்ரவரியில் நிறுத்தியது. 2025 ஏப்ரலில் மறுபடியும் கொடுத்தது. நிறுத்தியபோதும் கற்போரைக் கேட்கவில்லை, கொடுத்தபோதும் கேட்கவில்லை.

தோட்டத்து வாசகர்களுக்கு இது புதிய பாடமன்று. துரை மனமிரங்கிக் கட்டிய தோட்டப் பாடசாலை, வேறொரு துரை வந்ததும் சாமான் கொட்டகையாக மாறக்கூடியது. மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பாடசாலை இருந்தே தீரவேண்டும் என்றது. அப்பாடசாலைகளின் தரம் எப்படியிருந்தது என்பது தனிக் கதை; அதைச் சொல்லப் புகுந்தால் இக்கட்டுரை வேறாகிவிடும். ஆனால் இரக்கத்தால் கிடைப்பதற்கும் கேட்டுப் பெறக்கூடியதற்கும் உள்ள பேதத்தை நம் பாட்டன்மார் அன்றே கண்டுகொண்டனர்.

கணினி உலகில் அந்தப் பேதத்தை எழுத்தில் வடித்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983இல் அவர் தொடங்கிய குனு திட்டத்தின் பொது உரிமம் 1989இல் வெளிவந்தது. அதன்படி, மென்பொருளைப் பெறுகிறவன் அதன் மூலத்தையும் பெறலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். வழங்கும்போது அதே உரிமையைப் பெற்றவனுக்கும் விட்டுவைக்க வேண்டும். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் வீட்டுக் கணினியில் லினக்ஸை எழுதத் தொடங்கி, மறு ஆண்டே அதை இவ்வுரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். அவர் பழகிய மினிக்ஸ் என்ற பாட மென்பொருள் விலை கொடுத்து வாங்க வேண்டியதாயும் இஷ்டம்போல் மாற்றி வழங்க முடியாததாயும் இருந்தது என்பதை நம் வாலிபர்கள் கவனிக்கவேண்டும். மாணவனின் கைப்பற்றாக்குறையிலிருந்து பிறந்த பொருளே இன்று உலகத்துச் சர்வர்களில் பெரும்பங்கை ஓட்டுகிறது.

உரிமையின் வலு எத்தன்மையது என்பதற்குச் சென்ட்ஓஎஸ் கதையைச் சொல்லலாம். ரெட் ஹாட் கம்பெனி விற்கும் லினக்ஸை அப்படியே ஒத்த அது, விலையின்றிக் கிடைத்தது. ரெட் ஹாட் பரீட்சைக்குப் படித்த ஏழைகள் அதில்தான் பழகினர். அதன் எட்டாம் பதிப்பு 2029 வரை நீடிக்கும் என்றிருந்தார்கள். 2020 டிசம்பரில், மறு ஆண்டு முடிவோடு நிறுத்துவதாக அறிவித்தார்கள். தானமாயிருந்திருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். மூலம் எவருக்கும் உரிமையாயிருந்தமையால் 2021 மார்ச்சில் அல்மா லினக்ஸும் ஜூனில் ராக்கி லினக்ஸும் பிறந்தன. ராக்கி என்பது சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவருள் காலமாகிவிட்ட ஒருவரின் பெயர். 2023 ஜூனில் ரெட் ஹாட் மூலத்தைப் பொதுவில் வைக்கும் முறையைக் குறுக்கியது; உரிமைக்கும் முட்டுக்கட்டை வரும் என்பதற்கு அது சாட்சி. எனினும் அவ்விரண்டும் இன்றும் நடக்கின்றன. ரெட் ஹாட்டும் 2021 முதல் தனி ஆள் ஒருவர் 16 கணினிகள் வரை தன் மென்பொருளை விலையின்றி ஓட்ட அனுமதிக்கிறது. பக்கத்தில் உரிமை நிற்கும்போது தானமும் தாராளமாகிறது போலும்!

இனி, இவ்விசாரணையில் யாரும் பேச விரும்பாத பகுதிக்கு வருவோம். பழகும் பொருள் கைக்கெட்டாதபோது எல்லாரும் நகலெடுப்பதில்லை. பலர் பழகுவதையே விட்டுவிடுகின்றனர். பரீட்சையில் கேட்கப்பட்ட வினாக்களை எவரோ வெளியே கொண்டுவந்து விடையோடு மூட்டை கட்டி விற்கிறார்; மென்பொருளின் விலையில் சிறு பங்கு கொடுத்தால் அம்மூட்டை கிடைக்கும். மனப்பாடம் செய்து எழுதித் தேறிவிடலாம். நகலெடுத்தவனை ஏசும் பெரியவர்கள் இவனுக்கு மாலை போடுகிறார்கள். நம் அபிப்பிராயத்தில் இவன் குற்றமே பெரிது. நகலில் பழகியவன் விற்பவருக்குக் கடன்பட்டவன். ஆனால் அவன் கையில் வித்தை இருக்கிறது. மூட்டையைப் படித்தவனோ, நாளை ஓர் ஆஸ்பத்திரியின் சர்வர் நின்றுபோன நள்ளிரவில் அதன் முன் விழித்துக்கொண்டு நிற்பான். அவன் ஏமாற்றியது கம்பெனியையன்று, அங்கே படுத்திருக்கும் நோயாளியை. பழகுவதற்கு உயர்ந்த விலை வைப்போர் இப்பொய்க்கும் பங்காளிகள் என்றே சொல்லுவோம்.

ரெட் ஹாட்டின் நிர்வாகிப் பரீட்சை இவ்விஷயத்தில் மெச்சத்தக்கது. அதில் கோடிட்ட இடத்தை நிரப்பும் வேலையில்லை. ஓடும் கணினியில் செய்து காட்டவேண்டும். 300க்கு 210 எடுத்தால் தேறலாம். மனப்பாடம் அங்கே அதிக தூரம் போகாது. இயந்திரத்துக்கும் பெருஞ்செலவில்லை. 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்ட சுங்கை ரோட்டுப் பழஞ்சாமான் சந்தை இன்றில்லாவிடினும், கம்பெனிகள் கழித்துவிடும் பழைய கணினிகள் குறைந்த விலைக்கு வேறிடங்களில் கிடைக்கின்றன. 16 கிகாபைட் நினைவகமுள்ள ஒன்றும், கட்டற்ற மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸும் இருந்தால் மூன்று சர்வர்களை உள்ளே ஓட்டிப் பழகலாம்.

எஞ்சுவது பரீட்சைக் கட்டணம். அதற்கு நகலுமில்லை, கட்டற்ற பதிப்புமில்லை. சிங்கப்பூர்ப் பிரஜைகளுக்கு 25 வயது முதல் அரசாங்கம் 2016இல் 500 வெள்ளி ஸ்கில்ஸ்பியூச்சர் வரவாகக் கொடுத்தது. 2024 மே முதல் 40 வயதானோருக்கு மேலும் 4,000 வெள்ளி. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளுக்கு அவர்கள் அதைச் செலவிடலாம். வேலை அனுமதிச் சீட்டில் வந்திருக்கும் நம்மவருக்கு அது கிடையாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பரிசும் உபகாரச் சம்பளமும் வழங்கும் நம் சங்கங்கள், மண்டபத்தின் ஒரு மூலையில் பழைய கணினிகள் நான்கை வைத்து ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கதவைத் திறந்துவிட்டால் போதும். பழகித் தயாரானவர் இரண்டொருவருக்கு ஆண்டுவிழாச் செலவில் ஒரு பகுதியைப் பரீட்சைக் கட்டணமாக ஒதுக்கலாம். பொன்னாடைகளின் எண்ணிக்கையைச் சற்றுக் குறைத்தாலே அத்தொகை தேறிவிடும்.