சாக்கின் மேல்மிளகு

அப்பா போடிநாயக்கனூரிலிருந்து வந்து, மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். சாக்குகள் வந்து இறங்கியதும் குத்தூசியைச் செருகி மிளகு இழுத்துப் பார்ப்பது அவர் பொறுப்பு. மேலே ஒரு குத்து, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. உள்ளங்கையில் பரப்பிப் பொக்கு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். "மேல்மிளகை நம்பாதே. அது காட்டுறதுக்குன்னு வச்சது" என்பார்.

அந்த அப்பாவை நான் மேல்மிளகைப் பார்த்தே எடை போட்டிருந்தேன். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்டு வாசற்படியில் நின்ற இரவு. செருப்பு அறுந்ததற்கு விழுந்த ஏச்சு. இப்படி ஏழெட்டுக் காட்சிகள். எங்களுக்கென்று காசை அவிழ்க்க மனம் வராத மனிதர் என்பது என் முடிவு. அவர் இறந்த பிறகும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

சென்ற மழைக்காலத்தில் பரணை ஒழித்தபோது அவருடைய பத்து டைரிகள் கிடைத்தன. 1979 முதல் 1988 வரை. வியாபாரிகள் புத்தாண்டுக்குக் கொடுத்தவை. நாளுக்கு ஒரு பக்கம், அன்றைய செலவு மட்டும். கொச்சியின் ஓதம் ஏறிப் பல பக்கங்கள் ஒட்டிக்கிடந்தன.

முதலில் கை போன இடத்தில் புரட்டினேன். சற்று நேரத்திலேயே ஒன்று புரிந்தது: பள்ளி திறக்கும் ஜூன் மாதங்களையே என் விரல் தேடிக்கொண்டிருந்தது. குற்றத்தை நிரூபிக்க வந்தவனின் விரல் அது. உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. பராந்தக சோழன் காலத்தில், ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது, குடத்திலிருந்து பெயர் எழுதிய ஓலையை எடுக்க, உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவனையே அழைத்தார்கள். யார் பெயர் வந்தாலும் அவனுக்கு ஒன்றுதான். எனக்கும் அப்படி ஒரு கை தேவைப்பட்டது.

கல்லூரியில் படித்த புள்ளியியல் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சமவாய்ப்பு எண்களின் அட்டவணை இருந்தது. எந்த ஒழுங்கும் இல்லாமல் 0 முதல் 9 வரையிலான இலக்கங்கள், வரிவரியாக. இங்கிலாந்தின் டிப்பெட் 1927-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளிலிருந்து 41,600 இலக்கங்களைத் திரட்டி இப்படியொரு அட்டவணையை வெளியிட்டார். விருப்பு வெறுப்பில்லாத ஒரு கையைச் செய்வதற்கு மனிதர்கள் இவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பது என்னை உண்மையாகவே நெகிழ வைக்கிறது.

நான்கு நான்கு இலக்கமாக எடுத்தேன். முதல் இலக்கம் எந்த டைரி, அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள். 365-ஐத் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்தது. நாற்பது நாட்கள் சேர்ந்தன. அரிசி, மண்ணெண்ணெய், படகுக் கூலி, ஊருக்கு மணியார்டர். இவற்றுக்கு நடுவே "பிள்ளைகளுக்குப் பொரி உருண்டை", "அவளுக்குப் பூ", "சின்னவனுக்குக் கலர் பென்சில்". எங்களுக்கென்று ஏதாவது வாங்கிய நாட்கள், நாற்பதில் ஒன்பது.

உடனே நம்பிவிடவில்லை. குத்தூசியில் நல்ல மிளகு தற்செயலாகவும் வரலாம் அல்லவா? என் நினைவு சொல்வதுதான் உண்மை, இருபது நாளுக்கு ஒரு நாள்தான் அவர் மனம் இளகியது என்று வைத்துக்கொண்டேன். மறுபடி அட்டவணை. இப்போது இரண்டிரண்டு இலக்கம்; 00 முதல் 04 வரை வந்தால் இளகிய நாள், மற்றதெல்லாம் சாதாரண நாள். நாற்பது ஜோடிகள் ஒரு மாதிரி. ஐந்து இரவுகள் உட்கார்ந்து இப்படி ஐம்பது மாதிரிகளை எண்ணினேன். பெரும்பாலும் ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு ஒரே ஒரு தடவை. ஒன்பது வரவேயில்லை.

பிறகு ஐந்து நாளுக்கு ஒரு நாள் என்று மாற்றிப் பார்த்தேன். எட்டைச் சுற்றியே வந்தாலும் நான்கும் வந்தது, பன்னிரண்டும் வந்தது. உண்மை ஒன்றேதான், அதிலிருந்து அள்ளும் கைப்பிடிகள் இத்தனை விதமாக இருக்கின்றன. நாற்பது நாட்களை வைத்து, பத்துக்கு ஒன்றா மூன்றுக்கு ஒன்றா என்று அறுதியிட முடியாது. அந்த அகலத்தைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு, நூற்றறுபது நாட்கள் எடுக்க வேண்டும். இருந்தாலும் இருபதுக்கு ஒன்று என்ற என் தீர்ப்பு நிற்கவில்லை.

டைரியில் காசு இருக்கிறது, குரல் இல்லை. வாசற்படியில் நான் கேட்ட குரலை எந்த அட்டவணையும் இல்லையென்று ஆக்காது. அது வலித்தது, இன்றும் வலிக்கிறது. ஆனால் அது சாக்கின் மேலே கிடந்த ஒரு பிடி. வலித்ததால் மேலே வந்து தங்கிவிட்டது. பொரி உருண்டை எப்போது தின்றேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவில் இல்லை.

மாதிரி எடுப்பதை நிறுத்திவிட்டேன். ஒட்டிய பக்கங்களைப் பிளேடால் மெல்லப் பிரித்து, 1979 ஜனவரி முதல் தேதியிலிருந்து வரிசையாகப் படித்துவருகிறேன். மார்ச் வரை வந்திருக்கிறேன்.