பணம் ஏறட்டும், சாவி தருகிறேன்

பழைய கார் விற்று ஏமாந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். பலரும் இதையேதான் சொல்வார்கள்: "அப்பவே மனசுக்குள்ள ஏதோ உறுத்துச்சு, எப்படிக் கேக்குறதுன்னு விட்டுட்டேன்." மனம் சொன்னதை வாய் சொல்லவில்லை. எதிரில் நிற்பவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம் நாலு லட்சத்தைக் கொண்டுபோய்விட்டது. மோசடிக்காரன் நம்பிப் பிழைப்பதே அந்தக் கூச்சத்தைத்தான். அதை இன்றே உதறுங்கள். உங்கள் வண்டி, உங்கள் உழைப்பு, உங்கள் பணம். அதைப் பற்றிக் கேள்வி கேட்க யாருடைய அனுமதி வேண்டும் உங்களுக்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், உங்கள் வீட்டு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் இஸ்திரி கலையாத சட்டை போட்டிருக்கிறார். பானெட்டைத் திறந்து பார்க்கிறார், டயரைத் தட்டுகிறார். நாலரை லட்சத்தில் ஆரம்பித்த பேரம் பத்தே நிமிடத்தில் நாலு இருபதுக்குப் படிந்துவிடுகிறது. போனில் ஏதோ அழுத்துகிறார். பச்சை வட்டத்துக்குள் ஒரு டிக். "அனுப்பிட்டேன் சார், பாருங்க." உங்கள் போனும் சத்தம் போடுகிறது, 4,20,000 வரவு என்று ஒரு எஸ்எம்எஸ். பேங்க் ஆப்பைத் திறந்தால் பழைய இருப்புதான் நிற்கிறது. "ஞாயித்துக்கிழமை இல்லையா சார், சர்வர் ஸ்லோவா இருக்கும். காலையில ஏறிடும். குழந்தை வண்டியில உக்காந்திருக்கு, திருச்சி போய்ச் சேரணும்." சாவிக்காக நீட்டிய கை நீட்டியபடியே இருக்கிறது.

இங்கேதான் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

ஞாயிறு என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் இரவு பகல், விடுமுறை நாள் என்று பார்க்காமல் ஓடுகின்றன. ஆர்டிஜிஎஸ் இரண்டு லட்சமும் அதற்கு மேலும் அனுப்புவதற்கானது; வந்து சேர்ந்த பணத்தை உங்கள் வங்கி அரை மணி நேரத்துக்குள் கணக்கில் வைக்க வேண்டும். நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தொகுதியாகப் போகும், அதற்குப் பின் இரண்டு மணி நேரம்தான் கெடு. யுபிஐ என்று சொன்னால் இன்னும் எளிது. ஒரு ஆள் இன்னொரு ஆளுக்கு அனுப்ப, பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் வரம்பு. நாலு இருபது ஒரே அழுத்தில் எப்படிப் போனது? பச்சை டிக் காட்டுவதற்கென்றே போலி ஆப்கள் உலவுகின்றன. வரவு எஸ்எம்எஸ்ஸை எவன் வேண்டுமானாலும் அடித்து அனுப்பலாம். நம்பத் தகுந்த சாட்சி, உங்கள் கையால் நீங்களே திறந்து பார்க்கும் உங்கள் கணக்கின் இருப்பு மட்டும்தான்.

ஆகவே வாயைத் திறந்து சொல்லுங்கள். "தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. குரலை உயர்த்தவும் வேண்டாம். "பணம் ஏறட்டும் தம்பி, சாவி தர்றேன். குழந்தையையும் கூட்டிக்கிட்டு உள்ள வாங்க, காபி சாப்பிடலாம்." நிஜமாகவே பணம் அனுப்பியவர் வந்து உட்காருவார். போன பணம் சேர்ந்ததா என்ற பதைப்பு அவருக்கும் இருக்குமே! அனுப்பாதவருக்குத்தான் முகம் மாறும். "என்ன சார், என்னையே சந்தேகப்படுறீங்களா?" என்பார். அந்தக் கேள்விக்குக் குறுகிப் போகாதீர்கள். அதற்குப் பதில்கூடத் தேவையில்லை. மறுபடியும் அதே சொல்: பணம் ஏறட்டும்.

"க்யூஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துரும்" என்று ஒருவர் சொன்னால், அவர் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப் பார்க்கிறார். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் எந்தக் காலத்திலும் தேவையில்லை. "கைதவறி இருபதாயிரம் சேர்த்துப் போட்டுட்டேன், திருப்பி அனுப்புங்க" என்பவருக்கும் அதே நிதானம்தான். முதலில் கணக்கைப் பாருங்கள்.

"அட, கையில் ரொக்கமாக வாங்கிவிட்டால் தொல்லையே இல்லையே?" என்பவர்களுக்கும் சொல்கிறேன். ஒரு வியாபாரத்துக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரலிலிருந்து தடுக்கிறது. இன்று ஒன்றரை, நாளை ஒன்றரை என்று பிரித்து வாங்கினாலும் அது ஒரே வியாபாரம்தான். மாட்டினால் அபராதம் வாங்கியவருக்கு, அதுவும் வாங்கிய தொகை அளவுக்கு! செக் திரும்பினால் வழக்குப் போடலாம், இரண்டு வருடம் வரை சிறை என்று சட்டமும் இருக்கிறது. ஆனால் வழக்கு நடக்கிற நாளெல்லாம் வண்டி யாரிடம் இருக்கும்? டிடி என்றால், எடுத்தவர் பெயரும் அதன் முகப்பில் இருக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பரிலிருந்து வந்த விதி. அந்தப் பெயரைப் பாருங்கள். பிறகு டிடி கொடுத்த கிளைக்கே அவரோடு போங்கள்.

என்னைக் கேட்டால் இதையெல்லாம்விட நேரான வழி ஒன்று உண்டு. வேலை நாளில், காலை பத்தரைக்கு, வாங்குபவரின் வங்கிக் கிளையில் இருவரும் உட்காருங்கள். ஆர்.சி., பெயர் மாற்றத்துக்காகக் கையெழுத்திட்ட 29, 30 படிவங்கள், சாவி எல்லாம் மேஜைமேல் இருக்கட்டும். அவர் ஆர்டிஜிஎஸ் சலானை நிரப்பிக் கொடுக்கட்டும். உங்கள் கணக்கில் தொகை ஏறிய பிறகு, தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டு, சாவியைக் கொடுங்கள். ஒரு மணி நேரம் ஆகுமா? ஆகட்டுமே! வருடக்கணக்கில் இஎம்ஐ கட்டிய வண்டிக்கு ஒரு மணி நேரம் அதிகமா?

வாங்குகிறவரே, இதே முதுகெலும்பு உங்களுக்கும் வேண்டும். ஆர்.சி.யில் உள்ள பெயரும், பணம் போகும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "மச்சான் அக்கவுண்ட்ல போட்டுருங்கண்ணே" என்றால், "உங்க கணக்கு நம்பர் குடுங்க தம்பி" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் கட்டணமில்லாமல் 2025 ஏப்ரலுக்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதைப் பயன்படுத்துங்கள். முந்தின நாளே ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று விற்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால் வண்டிமேல் கடன் நிற்கிறது என்று பொருள். பாக்கியை அந்தக் கடன் கணக்கிலேயே நேராகக் கட்டி ரசீது வாங்குங்கள். மிச்சம்தான் விற்பவருக்கு. கடன் தீர்ந்ததற்கான என்.ஓ.சி.யும் 35-ஆம் படிவமும் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் நீட்டாதீர்கள். "ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம் வந்துவிட்டது, வண்டியை லாரியில் ஏற்றிவிடுகிறேன், முன்பணம் போடுங்கள்" என்று அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்புகிறவருக்கு ஒரு ரூபாய்கூடப் போகக்கூடாது. கண்ணால் பார்க்காத வண்டிக்கு அட்வான்ஸ் கிடையாது.

கணவர் விட்டுச்சென்ற காரை விற்க நேர்கிற சகோதரிகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். வாங்க வருபவர் உங்களைத் தாண்டி உங்கள் கொழுந்தனாரிடம் விலை பேசுவார். உங்களை உள்ளே போகச் சொல்லாமல் சொல்வார்கள். போகாதீர்கள்! நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவில் உட்காருங்கள். 31-ஆம் படிவம் கொடுத்து ஆர்.சி.யை முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பணம் உங்கள் கணக்கில் ஏறட்டும், எவ்வளவு என்று உங்கள் வாயால் கேளுங்கள்.

பணம் வந்துவிட்டது என்று விற்றவர் தூங்கிவிடவும் கூடாது. "பேரை அப்புறம் மாத்திக்கிறேன் சார்" என்பதற்குத் தலையாட்டியவர்கள் பட்ட பாட்டை 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பான ஒரு வழக்கு காட்டும். அந்தக் கார் பல கை மாறியிருந்தது, ஆர்.சி.யில் மட்டும் பழைய பெயரே. 2009-இல் விபத்து நடந்து ஓர் உயிர் போனது. பதிவில் பெயர் உள்ளவரே சட்டப்படி உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்றது நீதிமன்றம். வண்டியை எப்போதோ விற்றுவிட்ட மனிதர் அவர்! அதனால், ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் 29-ஆம் படிவம் மூலம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நீங்களே தெரியப்படுத்துங்கள். கார் கன்சல்டிங்கில் விற்கக் கொடுத்தால், அங்கீகாரம் பெற்ற டீலர்தானா என்று கேட்டு, வண்டியை அவரிடம் ஒப்படைத்ததைத் தெரிவிக்கும் 29சி படிவம் பதிவானதைக் கண்ணால் பாருங்கள். ஃபாஸ்டேக்கையும் மூடிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் ஏமாறலாம். அப்போது தலைகுனியாதீர்கள், குனிய வேண்டியவன் ஏமாற்றியவன். "நாலு பேருக்குத் தெரிஞ்சா அசிங்கம்" என்று ஒரு ராத்திரி தள்ளிப்போட்டால், அந்த ராத்திரியில் பணம் பல கணக்குகள் தாண்டிப் போய்விடும். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழையுங்கள். எந்த வங்கி, எவ்வளவு தொகை, எத்தனை மணி, பரிவர்த்தனை எண் என்ன என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். எதிராளியின் கணக்கில் பணம் மிச்சம் இருந்தால் முடக்கிவைக்க வழி உண்டு. அடுத்து உங்கள் வங்கிக்கு ஒரு போன். வீட்டில் என்ன சொல்வது என்பதை அதற்கப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.