விருப்பமும் கூலியும்

விரும்பிச் செய்கிற வேலைக்குக் கூலி கேட்பது நியாயமா என்பது பழைய கேள்வி. இதை வெளிப்படையாகக் கேட்பவர் சிலரே. ஆனால், "ஆசைப்பட்டுத்தானே செய்கிறான், அவனுக்குப் பணம் எதற்கு?" என்னும் எண்ணம் பலருடைய உள்ளத்தில் குடிகொண்டிருக்கிறது. இக்கேள்வியைக் காற்பந்து ஆடிப் பிழைக்கும் ஒரு மனிதனின் வாழ்க்கையை வைத்து ஆராய விரும்புகின்றோம். உலகப் புகழ் பெற்றவனைப் பற்றியன்று நாம் பேசுவது. கீழ்ப்பிரிவுகளில் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆடி, பெயர் வெளியே தெரியாமலே ஓய்ந்து போகிறவனைப் பற்றி.

இவ்வளவு விஷயங்கள் இருக்கக் காற்பந்து எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். செரண்டா முதல் கோல சிலாங்கூர் வரையுள்ள தோட்டங்களை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். லயம், கோயில், தமிழ்ப் பள்ளிக்கூடம், கள்ளுக்கடை, இவற்றோடு பந்தாடத் திடலும் இருந்த தோட்டங்கள் பல. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் தூக்கிய கால்களே மாலையில் பந்தை உதைத்தன. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடுகளும் தொழிற்சாலைகளும் வந்தன. அவ்விடங்களில் திடலும் மறைந்தது. "என் மகன் பந்தாடி முன்னுக்கு வருவான்" என்ற நம்பிக்கை மட்டும் மறையவில்லை. அந்த நம்பிக்கை உள்ளவரை இது நம்முடைய கேள்வியேயாகும்.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காத்த ஆர். ஆறுமுகத்தை 'ஸ்பைடர்மேன்' என்று எல்லா இனத்தாரும் கொண்டாடினர். 1980-ஆம் வருஷம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று, மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற குழுவில் அவர் ஒருவர். ஆனால் சோவியத் படை ஆப்கானிஸ்தானத்தில் புகுந்ததைக் கண்டித்து மலேசிய அரசாங்கம் அந்த ஒலிம்பிக்கைப் பகிஷ்கரித்தது. வென்றவர்கள் மாஸ்கோவைக் காணவில்லை. 1988-இல் ஆறுமுகம் சாலை விபத்தில் மாண்டார். அவரும் அவருடைய தோழர்களும் சிகரம் ஏறவில்லை, ஆகவே அவர்கள் ஆடியது வீண் என்று யாரேனும் சொல்வாருண்டா? சொல்லமாட்டார்கள். அப்படியானால், ஓர் உழைப்பின் மதிப்பு அது போய்ச் சேர்ந்த இடத்தில் இல்லை, செய்யப்பட்ட விதத்தில் இருக்கிறது என்பதை நாம் முன்னமே ஒப்புக்கொண்டுவிட்டோம். புகழ் பெற்றவருக்கு ஒப்புக்கொண்ட இந்த நியாயத்தைப் பெயரில்லாதவனுக்கு ஏன் மறுக்கவேண்டும்?

இப்பொழுது இத்தாலியைப் பார்ப்போம். பந்தாட்டத்தைத் தொழில் என்று சட்டத்தாலேயே ஏற்றுக்கொண்ட தேசம் அது. 1981-ஆம் வருஷத்து 91-ஆம் எண் சட்டம் அங்கே தொழில்முறை ஆட்டக்காரனுடைய வேலை ஒப்பந்தத்திற்கு விதிகள் வகுத்தது. அங்கே மேல் மூன்று பிரிவுகளில் ஆடுகிறவர்கள் தொழில்முறையினர். நான்காவதிலிருந்து 'அமெச்சூர்' என்று பெயர். மூன்றாம் பிரிவில் மட்டும், மூன்று வட்டங்களாக, ஏறக்குறைய 60 குழுக்கள். குழுவுக்கு இருபத்தைந்து பேர் என்று கொண்டால் ஆயிரத்தைந்நூறு பேர். இவர்களில் பெரும்பாலோரின் பெயர் அடுத்த ஊருக்கும் தெரியாது. ஒரு வருஷ ஒப்பந்தம், பின்பு வேறொரு ஊர், வேறொரு வாடகை வீடு, முழங்கால் தாங்கும்வரை இதுவே அவர்கள் ஜீவனம்.

2019-ஆம் வருஷம் பிப்ரவரி 17-ஆம் தேதி அந்த மூன்றாம் பிரிவில் குனேயோ என்னும் குழு, புரோ பியாசென்சா என்னும் குழுவை 20-0 என்று வென்றது. உலகப் பத்திரிகைகளெல்லாம் இதை வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன. நடந்தது யாதெனில், புரோ பியாசென்சா தன் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அவர்கள் ஆட மறுத்து விலகினார்கள். மூன்று ஆட்டங்களுக்கு அக்குழு வரவேயில்லை. நான்காவதற்கும் வராவிட்டால் நீக்கப்பட்டிருக்கும். ஆகவே ஏழு பேரை, பெரும்பாலும் பள்ளிக்கூட வயதுப் பையன்களை, திடலில் இறக்கிவிட்டது. உடம்பு பிடித்துவிடும் ஊழியரும் பின்னர் சட்டை மாட்டிக்கொண்டு இறங்க நேர்ந்தது. பிறகு அக்குழு நீக்கப்பட்டது. இருபது கோலை எண்ணிச் சிரித்தவர்களில், கொடுக்கப்படாத சம்பளத்தை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்கின்றோம்.

"ஆட்டம் என்பது சந்தோஷம், சந்தோஷமே கூலி" என்று கூறுவர் சிலர். இதே வாதத்தை நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம். பள்ளி ஆசிரியரிடம், "உமது தொழில் புனிதமானது" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைத்தார்கள். வீட்டில் ஓயாது உழைக்கும் பெண்ணிடம், "அது அன்பு" என்று சொல்லிக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டார்கள். தோட்டியிடமும் பறையடிப்பவனிடமும், "அது உன் குலதர்மம்" என்று சொல்லி, மிச்சச் சோற்றைக் கூலியாக நீட்டினார்கள். தர்மம், அன்பு, தொண்டு, ஆசை என்று பெயர்கள் மாறின. கொடுக்கவேண்டியவன் கொடுக்காமல் தப்பித்துக்கொள்ளும் வழி மட்டும் மாறவில்லை. அழகாகக் கணக்கெழுதுவதில் பிரியமுள்ள கிராணிக்கு அந்தப் பிரியத்தின் பொருட்டுச் சம்பளத்தில் பாதி பிடித்தால் அவர் பொறுப்பாரா? செக்ரோலில் பேர் விழுந்தால் கூலி உண்டு. அவன் சிரித்துக்கொண்டு வெட்டினானா, அழுதுகொண்டு வெட்டினானா என்று எந்தச் செக்ரோலும் கேட்பதில்லை. ஆட்டக்காரனிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்?

"குழுவிடம் பணம் இல்லை, என்ன செய்வது?" என்பது மற்றொரு சமாதானம். பணம் இல்லாதவன் ஒப்பந்தம் எழுதுவது முதற்குற்றம். இது இத்தாலிக்கு மட்டும் உரிய நோயன்று. 2016-இல் உலக ஆட்டக்காரர் சங்கமாகிய ஃபிஃப்புரோ 54 நாடுகளில் ஏறக்குறைய 14,000 பேரை விசாரித்து வெளியிட்ட அறிக்கையின்படி, நூற்றுக்கு 41 பேருக்குச் சம்பளம் காலங்கடந்தே கிடைத்திருந்தது. 45 பேருக்குக் குறையாமல் மாத வருமானம் ஆயிரம் அமெரிக்க டாலரை எட்டவில்லை. நம் நாட்டில் கெடா குழு 2024-25 பருவத்தில் சம்பள பாக்கிக்காகப் புள்ளிகளை இழந்தது. அடுத்த பருவத்திற்கு அதற்கு லைசென்ஸும் கிடைக்கவில்லை. இது முதற்பிரிவின் கதை. கீழ்ப்பிரிவின் கதையை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கூலி நிச்சயமில்லாத இடத்தில் லஞ்சத்துக்கு வழி திறந்திருக்கும் என்பதையும் மறக்கலாகாது. 1994, 1995-ஆம் வருஷங்களில் மலேசியாவில் பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்த ஊழல் வெளியாயிற்று. நூற்றுக்கு மேற்பட்டோரைப் போலீசார் விசாரித்தனர். பலர் ஆடத் தடை விதிக்கப்பட்டது. லஞ்சம் வாங்கியவனை நாம் ஆதரிக்கவில்லை. அவன் பார்க்க வந்தவர்களையும் கூட ஆடியவர்களையும் ஏமாற்றினான். ஆனால் அவனுக்கு நீதி போதிக்க வருகிறவர், முதலில் அவனுக்குச் சேரவேண்டியதைச் சேர்ப்பித்துவிட்டுப் போதிக்க வேண்டும்.

இனி, நம்முடைய பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? இந்திய இளைஞர்களைக் காற்பந்தில் முன்னேற்ற எழுந்த மிஃபா குழு மூன்றாம் பிரிவிலிருந்து ஏறி, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயருடன் சூப்பர் லீக்கில் ஆடியது. 2022-ஆம் வருஷப் பருவம் முடிந்ததும் அது களத்தை விட்டே விலகிக்கொண்டது. ஒரு குழு ஏறவும் இறங்கவும் மறையவும் சில வருஷங்களே போதும். ஆனால் ஒரு பையனுடைய பதினைந்து வயது முதல் இருபத்தைந்து வயது வரையுள்ள காலம் அவனுக்குத் திரும்பி வராது.

ஆகவே ஆடாதே என்று அவனிடம் சொல்வது தவறு. தலைவிதி இருந்தால் வருவாய் என்று சொல்வது அதனினும் தவறு. பந்தை அடக்கக் கற்றுக்கொள்ளும்போதே ஒப்பந்தத்தைப் படிக்கவும் கற்றுக்கொள் என்று சொல்லவேண்டும். கையெழுத்திடுமுன் ஆட்டக்காரர் சங்கத்தாரைக் கேள், பள்ளிக்கூடத்தை விடாதே என்று சொல்லவேண்டும். கீழ்ப்பிரிவிலேயே ஆடி முடித்தாலும் உன் உழைப்புக்குக் குறைவில்லை, உனக்குச் சேரவேண்டியதைத் தலைநிமிர்ந்து கேள் என்றும் சொல்லவேண்டும். திடலோரத்தில் நின்று கைதட்டுகிற நமக்கும் ஒரு கடமை உண்டு. நம் ஊர்க் குழு ஆடும்போது எத்தனை கோல் என்று கேட்கிற நாம், இந்த மாதச் சம்பளம் கொடுத்தாயிற்றா என்றும் கேட்டுப் பழகவேண்டும்.