விதி எழுதுதல்

இரவு குசினி கழுவி முடித்து அறைக்குத் திரும்பும் நாம் மூவரும் கடந்த மாரிகாலத்தில் ஒரு ஸ்கானருடன் மல்லுக்கட்டினோம். 1990களில் ஐரோப்பாவில் வெளிவந்து நின்றுபோன தமிழ்ச் சிறுசஞ்சிகைகள் சில எம்மிடம் இருந்தன. தாள் மஞ்சளாகி, கம்பி துருவேறிவிட்டது. மேலும் உதிருமுன் அவற்றைப் படியெடுக்க வேண்டும். ஸ்கானர் தெருவோரக் குப்பையில் கிடைத்தது. புதிய விண்டோசுக்கு அதன் தயாரிப்பாளர் இயக்கி தரவில்லை. மற்றபடி கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லை. லினக்ஸ் போட்ட பழைய கணனியில் அதை இணைத்தோம்.

பழுது பார்க்க ஓர் ஒழுங்கு உண்டு. முதலில், யு.எஸ்.பி. வழியே வந்திருப்பது எது என்று கணனியைக் கேட்டோம். தயாரிப்பாளருக்கு ஒன்று, சாதனத்துக்கு ஒன்று என நான்கு இலக்கக் குறியீடுகள் இரண்டைக் காட்டியது. எனவே வயரில் பிழையில்லை. பிறகு, ஸ்கானர்களுடன் பேசும் 'சேன்' என்ற மென்பொருளைக் கேட்டோம். ஸ்கானர் எதுவும் இல்லை என்றது. அதே கேள்வியை, முழு அதிகாரமுள்ள 'ரூட்' பயனராக நின்று கேட்டோம். உடனே பெயரைச் சொன்னது!

ஆக, பழுது இல்லை, அனுமதிதான் இல்லை. எண் தெரிந்தும், ஆள் வாசலில் நிற்பது தெரிந்தும், 'அப்படி ஒருவர் இல்லை' என்ற பதில் எமக்குப் புதிதல்ல.

"ரூட்டாவே நிண்டு வேலையை முடிப்பம். என்ன குறைஞ்சுபோச்சு மச்சான்?" என்றார் எம்மில் ஒருவர். வேலை முடியும்தான். ஆனால் ஒரு கதவைத் திறக்க வீட்டின் எல்லாச் சாவிகளையும் வாங்குவது அது. கை தவறினால் கணனியில் உள்ள அனைத்தையும் அழிக்கவும் அந்த அதிகாரம் போதும். அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. பெரியவர் ஒருவரின் தயவால் திறக்கும் கதவு, அவர் போனதும் மூடிவிடும். முதலாளி மனமிரங்கித் தரும் விடுமுறையும் சட்டப்படி வரும் விடுமுறையும் ஒரே நாளாக இருக்கலாம், ஒன்றல்ல. முதலாவது கருணை, அடுத்தது உரிமை.

ஆனால் விதி என்றாலே நீதியா? எமது ஸ்கானரை வெளியே நிறுத்தியதும் விதிதான். அந்தப் பட்டியலில் அதன் எண் இல்லை. வேறுபாடு என்னவெனில், 'யூடெவ்' விதிக்கோப்பு எவரும் வாசிக்கக்கூடிய வெறும் எழுத்து. இந்த எண்ணுள்ள சாதனத்தை ஸ்கானர் குழுவினர் பயன்படுத்தலாம் என ஒரு வரி எழுதி, எம்மையும் அக்குழுவில் சேர்த்தோம். வயரைக் கழற்றி மீண்டும் செருகியபோது, சாதாரணப் பயனருக்கும் கதவு திறந்தது. சேன் திட்டத்தில் உழைக்கும் தன்னார்வலர்களுக்கும் அவ்வரியை அனுப்பினோம்.

அதன் பின்னும் படியெடுக்க மறுத்தது. இவ்வகை ஸ்கானர்கள் சிலவற்றில், அவற்றை இயக்கும் 'ஃபேர்ம்வெயர்' நிலையாக இருப்பதில்லை. மின்சாரம் நின்றால் மறைந்துவிடும்; கணனிதான் மீண்டும் ஊட்டவேண்டும். தயாரிப்பாளரின் பழைய விண்டோஸ் இயக்கிக்குள் இருந்து அக்கோப்பை எடுத்து வைத்தோம். விளக்கு நகர்ந்தது. முதல் அட்டை திரையில் வந்தது. ஆனால் அந்தக் கோப்பை நாம் வாசிக்க முடியாது, திருத்த முடியாது. அதன் உரிமம் அடுத்தவருக்குக் கொடுக்கவும் விடாது. அவ்வளவில் எமது ஸ்கானர் இன்னமும் கருணையில்தான் வாழ்கிறது.

எம் ஊரில் விதி என்றால் தலையெழுத்து. எழுதியவன் அழித்தெழுதான் என்பார்கள். விதிக்கப்பட்டோரும் வாசித்துத் திருத்தக்கூடிய விதியே நீதிக்கு அருகில் வருகிறது என இப்போது நினைக்கிறோம். இதுவரை நாற்பது பக்கங்கள் படியெடுத்தாயிற்று.