பெயரும் விலாசமும்

பங்குனி மாதத்தில் மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உற்சவம் என்றால், எங்கள் அபிராமபுரத்தில் குழந்தைகள் உள்ள வீடுகளில் முதல் நாளே ஒரு பாடம் நடக்கும். "உன் பேர் என்ன? அப்பா பேர் என்ன? எந்தத் தெரு? வீட்டு நம்பர் என்ன?" என்று தாய் கேட்பாள், நாலு வயதுக் குழந்தை மழலையில் ஒப்பிக்கும். ஓர் எண் பிசகினால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பம். கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளில் ஜனங்கள் நெருக்கியடிக்கும் அந்த எட்டாம் திருநாளில் குழந்தையின் கை நழுவிவிட்டால், அதை வீட்டுக்கு இழுத்துவரும் கயிறு அந்த நாலு விவரங்கள்தாம். ஒப்பிக்கத் தெரியாத குழந்தைக்குச் சட்டைப் பையில் காகிதத்தில் எழுதிப் போட்டு அனுப்புவதும் உண்டு.

உற்சவம் இல்லாத நாட்களிலும் இந்தப் பாடத்துக்கு மதிப்பு உண்டு. வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டதும் ஊரும் பேரும் வகுப்பும் கணீரென்று சொல்லுகிற பிள்ளை சமத்து. சொல்லாமல் தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளையை, "வாயில் என்ன, கொழுக்கட்டையா?" என்று கேட்கிறோம். கேட்பவருக்கு விடை சொல்வது மரியாதை, மறைப்பது கள்ளத்தனம் என்றுதான் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வளர்த்திருக்கிறோம்.

அதே பிள்ளைக்கு எட்டு வயது, பத்து வயது ஆகிறது. கையில் செல்போன் வருகிறது. உடனே நாம் பாடத்தைத் தலைகீழாகத் திருப்பிவிடுகிறோம். பெயரைச் சொல்லாதே, பள்ளிக்கூடத்தைச் சொல்லாதே, தெருவைச் சொல்லாதே, போட்டோ அனுப்பாதே. நேற்றுவரை சமத்தாக இருந்தது இன்று எப்படித் தப்பாயிற்று என்று குழந்தைக்கு யாரும் விளக்குவதில்லை. எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி என்னிடமே கேட்டாள்: "மாமா, கோயில்ல தொலைஞ்சா போலீஸ்காரர்கிட்டச் சொல்லணுமாம். கேம்ல கூட விளையாடறவா கேட்டாச் சொல்லக் கூடாதாம். அவரும் தெரியாதவர்தானே, இவாளும் தெரியாதவாதானே?"

கேள்வி நியாயமானது. பெரியவர்கள் பலர் இதற்கு, "உலகம் கெட்டுக் கிடக்கிறது" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. உலகமே கெட்டது என்று நம்பி வளர்கிற குழந்தை ஒருவேளை பத்திரமாக இருக்கலாம்; ஆனால் பத்திரமாக இருப்பதற்காக மட்டுமா பிள்ளை வளர்க்கிறோம்? நாளைக்குத் தெருவில் ஒருவன் மயங்கி விழுந்தால் அந்தப் பிள்ளை கிட்டே போகுமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

போலீஸ்காரருக்கும் அந்த விளையாட்டுத் தோழனுக்கும் உள்ள வித்தியாசம் நல்லவன், கெட்டவன் என்பதில் இல்லை. போலீஸ்காரர் விலாசத்தைக் கேட்டார், குழந்தையைக் கொண்டுவந்து சேர்த்தார், மறந்துவிட்டார். மறதி என்பது மனிதன் மனிதனுக்குச் செய்கிற பெரிய உபகாரம். இயந்திரத்துக்கு அந்த உபகாரம் செய்யத் தெரியாது. அதனிடம் இன்று சொன்ன சொல் பத்து வருஷம் கழித்தும் அப்படியே கிடக்கும். யார் யாரோ எடுத்துப் பார்க்கலாம். கேட்டவனே நல்லவனாக இருந்தாலும், அவனுக்குப் பிறகு அது யார் கைக்குப் போகும் என்பது அவன் வசத்தில் இல்லை.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதில் இன்னொரு விஷயமும் தெரியும். ஒரு பாத்திரத்தை வாசகர் நம்புவதற்குப் பக்கம் பக்கமாக வர்ணனை வேண்டாம். சரியான மூன்று சின்ன விவரங்கள் போதும். ஏமாற்றுகிறவனுக்கும் தொழில் அதுவேதான். சீருடையில் எடுத்த போட்டோவில் பள்ளியின் பெயர் தெரிகிறது. கேக்கின்மேல் பத்து என்று மெழுகுவர்த்தி. போட்டோ வெளியான தேதியோடு சேர்த்தால் பிறந்த நாள் முழுவதும் வந்துவிடுகிறது. "செவ்வாய், வியாழன் பாட்டு கிளாஸ்" என்று குழந்தையே பெருமையாக எழுதியிருக்கிறது. பிறகு ஒரு நாள் ஒரு குரல் பேசுகிறது: "நான் உங்கப்பாவோட ஆபீஸ் மாமா. பாட்டு கிளாஸ் முடிஞ்சுதா கண்ணா? அம்மா போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு." பாட்டு வகுப்பு தெரிந்தவர் அந்நியராக இருப்பாரா? குழந்தை ஓ.டி.பி.யைப் படித்துவிடுகிறது. பெரியவர்களே ஏமாறும்போது அதைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

ஆகவே, அந்தச் சிறுமிக்கு நான் சொன்ன பதில் வேறு. "வீட்டு விலாசம் உன் ஒருத்திக்கா சொந்தம்? பாட்டிக்குச் சொந்தம், தம்பிக்குச் சொந்தம். அம்மாவின் போன் நம்பர் அம்மாவுக்குச் சொந்தம். உன்னுடைய பென்சிலைக் கேட்டால் நீ கொடுக்கலாம். பாட்டியின் மூக்குக் கண்ணாடியை ஒருவர் கேட்டால், பாட்டியைக் கேட்காமல் எடுத்துக் கொடுப்பாயா?" என்றேன். சிறிது யோசித்துவிட்டு, "மாட்டேன்" என்றாள். இடம், பொருள், ஏவல் என்று நம் முன்னோர் சபையில் பேசுகிறவனுக்குச் சொன்ன இலக்கணத்தை இன்று பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. கஷ்டந்தான். ஆனாலும் பயத்தைவிட அது மேல்.

இனி, எனக்கு அதிக சங்கடமாக இருக்கும் இடத்துக்கு வருகிறேன். சமூக ஊடகங்களில் பெரும்பாலானவை கணக்குத் தொடங்கக் குறைந்தபட்சம் பதின்மூன்று வயது என்று விதித்தன. இந்தப் பதின்மூன்று எங்கிருந்து வந்தது? 1998இல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது: பதின்மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றிக் கம்பெனிகள் திரட்டக்கூடாது என்று. சம்மதம் கேட்டு அலைவானேன் என்று கம்பெனிகள் அந்த வயதையே வாசற்படியாக வைத்துவிட்டன. வாசற்படியில் காவலாளி யாரும் கிடையாது. பிறந்த வருஷம் என்ன என்று ஒரு கட்டம் மட்டும் இருந்தது. பத்து வயதுப் பையன் அந்தக் கட்டத்தின்முன் தயங்கி நிற்கிறான். அப்பா பின்னாலிருந்து, "நாலு வருஷம் குறைச்சுப் போட்டுடுடா" என்கிறார். வருமான வரியில் ஒரு பைசா மறைக்காத மனிதர் அவர்; பையன் பென்சில் திருடினால் முதுகில் இரண்டு வைப்பார். ஆனால் அந்த உலகத்துக்குள் நுழையும்போது மகனுக்கு அவர் கொடுக்கும் முதல் உபதேசம் பொய் சொல் என்பது.

இது சின்ன விஷயம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. வாசலில் பொய் சொல்லி நுழைந்த பிள்ளை உள்ளே ஏதாவது விபரீதம் நேர்ந்தால் யாரிடம் முறையிடும்? முறையிட்டால் முதலில் தன் பொய் அல்லவா வெளிப்படும்?

அப்படியானால், முன்பின் தெரியாதவன் ஊரைக் கேட்டால் பொய்யான ஊரைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். யாருக்கும் தீங்கில்லாத நன்மை விளையுமானால் ஒரு பொய்யை மன்னிக்கலாம் என்ற கருத்துக்கு வாய்மை அதிகாரத்தில் வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார். விளையாட்டுக்குப் புனைபெயர் வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் தொழிலில் அது புதிதும் அல்ல. ஆனால் குழந்தைக்குப் பொய்யைவிட நல்ல ஆயுதம் ஒன்று இருக்கிறது. "சொல்ல மாட்டேன்" என்கிற சொல்தான் அது. நம் பிள்ளைகள் இதைப் பெரியவர்களிடம் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம் என்று அடக்கிவிடுகிறோம். வீட்டில் ஒரு தரங்கூட அனுமதிக்கப்படாத சொல், ஆபத்து வேளையில் திடீரென்று வாயில் வருமா? மாமாவோ அத்தையோ பரீட்சை மார்க்கைக் கேட்கும்போது, "அதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை, மாமா" என்று பணிவாகச் சொல்ல ஒரு குழந்தைக்கு உரிமை வேண்டும். பழகுவதற்காவது வேண்டும்.

இவ்வளவும் குழந்தைக்கு. நம் நடத்தை எப்படி? குழந்தை பிறந்த ஆஸ்பத்திரி, நட்சத்திரம், எடை, தொட்டில் போட்ட நாள், முதல் வகுப்பில் சேர்ந்த பள்ளி, ரிப்போர்ட் கார்டு, குளிக்கும்போது எடுத்த படம்—எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் நாமே போடுகிறோம். அந்தக் குழுவில் இருக்கும் எண்பது பேரில் பாதிப் பேருக்கு முகம் தெரியாது. பேசத் தெரியாத பிள்ளையின் சரித்திரத்தை முழுக்க எழுதி அச்சேற்றிவிட்டு, பேச ஆரம்பித்ததும், "வாயைத் திறக்காதே" என்று உபதேசம் செய்கிறோம்.

சர்க்காரும் நம்மைப்போலத்தான். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 'தீக்ஷா' செயலி 2017இல் தொடங்கியது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது நாடு முழுவதும் பிள்ளைகள் அதில் படித்தார்கள். 2022இல் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற அமைப்பு, பல நாடுகளின் கல்விச் செயலிகளை ஆராய்ந்து, பிள்ளைகள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளும் வசதி தீக்ஷாவில் இருப்பதாகச் சொல்லிற்று. பாடம் படிக்கிற பிள்ளை எந்தத் தெருவில் இருந்தால் பாடத்துக்கு என்ன? 2023 ஜனவரியில் இன்னொரு செய்தி வந்தது: அந்தச் செயலியின் விவரங்கள் இருந்த ஒரு சேமிப்புக் கிடங்கு ஒரு வருஷத்துக்கு மேல் பூட்டில்லாமல் திறந்து கிடந்திருக்கிறது. அதில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண் முதலிய விவரங்களும், ஏறக்குறைய ஆறு லட்சம் மாணவர்களின் விவரங்களும் இருந்தன. அந்த மாணவர்களில் ஒருவர்கூட அசட்டுத்தனமாக எதையும் உளறவில்லை. படிப்பதற்காகக் கேட்டார்கள், நல்ல பிள்ளையாகக் கொடுத்தார்கள்.

சட்டம் தூங்குகிறது என்று சொல்வது நியாயமாகாது. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் என்பது அரசியல் சாசனம் காக்கும் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2023இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. குழந்தைகளைப் பின்தொடர்ந்து கவனிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. படிப்படியாக அமலுக்கு வர அவகாசமும் கொடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் நாலு வருஷம் குறைத்துப் போடச் சொன்ன அப்பாதான் சம்மதக் கையெழுத்தும் போடப் போகிறார்.

பூட்டு, சாவி, கடவுச்சொல் எல்லாவற்றையும் தாண்டி ஒரு கட்டம் இருக்கிறது. எவ்வளவு எச்சரித்தாலும் ஏதோ ஒரு சாயங்காலம் குழந்தை ஒரு படத்தை அனுப்பிவிடும். மறுநாளே, "இன்னொன்று அனுப்பு, இல்லாவிட்டால் இதை உன் வகுப்புக்கே காட்டுவேன்" என்று மிரட்டல் வரும். அப்போது அந்தக் குழந்தை நினைத்துப் பார்ப்பது சட்டத்தை அல்ல, அப்பாவின் முகத்தை. "போனைப் பிடுங்கிவிடுவார், அடிப்பார், பாட்டி காதுக்குப் போகும்" என்று மூன்று பயங்கள். மிரட்டுகிறவனின் முதலீடே அந்தப் பயந்தான். வேறு மூலதனம் அவனுக்கு இல்லை. குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண் இருக்கிறது. பணம் பறிபோனால் 1930 இருக்கிறது. ஆனால் அந்த எண்களுக்கு முன்னால் குழந்தை திரும்பிப் பார்க்கிற முதல் மனிதர் அடுத்த அறையில் இருக்கிறார். "எது நடந்தாலும் முதலில் என்னிடம் வா. அன்றைக்குத் திட்டமாட்டேன்" என்று ஒரு தகப்பன் வாக்குக் கொடுத்து, அதைச் சின்ன விஷயங்களில் நாலு தரம் காப்பாற்றியும் காட்டினால், அந்த மிரட்டல்காரனின் கடை பாதி மூடிவிடும். கண்ணாடி டம்ளர் உடைந்த அன்று வீட்டில் என்ன நடந்தது என்பதைக் குழந்தை ஞாபகம் வைத்திருக்கிறது. அதை வைத்துத்தான் பெரிய விஷயத்தைச் சொல்லலாமா, கூடாதா என்று கணக்குப் போடுகிறது.

சி.பி. ராமசாமி சாலைப் பக்கம் வசிக்கும் என் வக்கீல் நண்பர் இதை ஒப்புக்கொள்வதில்லை. மகனின் செல்போனை ராத்திரி அவன் தூங்கியபின் எடுத்து, ஒவ்வொரு வரியாகப் படிக்கிறார். அவனுக்குத் தெரியாது. "பெத்தவனுக்குத் தெரியாம என்ன சார் அந்தரங்கம் வேண்டியிருக்கு, இந்த வயசுல?" என்பது அவர் வாதம். அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளையின் போனைப் பெற்றோர் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் பார்ப்பது வேறு, திருட்டுத்தனமாகப் பார்ப்பது வேறு. பிறர் விவரத்தை அவர்கள் அனுமதியின்றித் தொடாதே என்று பகலில் போதித்துவிட்டு, இரவில் நாமே அதைச் செய்தால், அது தெரியவரும் நாளில் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? அவன் அடுத்த நாளே வேறு ஒரு பூட்டைக் கண்டுபிடிப்பான், அவ்வளவுதான். அதற்கப்புறம் உண்மையான ஆபத்து வந்தாலும் அந்தப் பூட்டுக்குப் பின்னாலேயே இருக்கும்.

இப்படி நான் சொன்னதற்கு அவர், "உங்களுக்கென்ன, கதை எழுதறவர். நாலு பாத்திரத்தைத் திருத்திட்டாப் போச்சு. எனக்கு இருக்கறது ஒரே பையன்" என்றார். பதில் சொல்ல எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. ஆனாலும் பையனிடம் சொல்லிவிட்டுப் படியுங்கள் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வருகிற தை மாதம் பையனுக்குப் பன்னிரண்டு முடிகிறது. அன்றைக்குச் சொல்கிறேன் என்று தவணை கேட்டிருக்கிறார்.