கொடிமுந்திரியும் நற்கருணையும்

ஹனூர் வட்டாரம் 1956 நவம்பர் முதல் தேதி வரையில் கொள்ளேகால் தாலுகாவோடு சென்னை ராஜ்யத்துக் கோயம்புத்தூர் ஜில்லாவில் அடங்கியிருந்தபடியால், இன்று கர்நாடக எல்லைக்குள் இருந்தும், மார்ட்டள்ளி போன்ற அதன் கிராமங்களில் தமிழிலேயே ஜபமாலை சொல்லும் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல உண்டு. அவர்களுடைய ஆலயப் பீடத்தில் குருவானவர் பாத்திரத்தில் வார்த்து, ஒரு துளி நீர் கலக்கும் இரசம், கொடிமுந்திரி என்னும் திராட்சைக் கனியினின்று இயற்கையாய் உண்டானதாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டுமென்பது திருச்சபைச் சட்டம். வேறெந்தப் பழச்சாறும், எவ்வளவு சத்துள்ளதாயினும், அந்த ஸ்தானத்தை வகிக்க முடியாது.

ஏன் இந்தக் கனி? இருதயத்துக்கு நல்லது என்பதை முன்னோர் அறிந்தே தேர்ந்தார்கள் என்று சிலர் பெருமையோடு விடை சொல்கிறார்கள். சளிக்கு நல்லதாகையால்தான் துளசி பூஜைக்கு வந்தது என்போரும் இந்த வகையினரே. பக்தியைக் காப்பாற்றுவதாக எண்ணி அதை வைத்தியத்துக்குக் கீழ்ப்படுத்துகிற இந்த வாதத்தை நான் ஏற்பதற்கில்லை.

பழத்தின் குணங்களை நான் மறுக்கவில்லை. ஐந்தில் நான்கு பங்கு நீரும், விரைவில் ரத்தத்தில் சேரும் சர்க்கரையும் உள்ளதால் களைத்தவனுக்கு அது உடனே தெம்பளிக்கும். இரவில் ஊறவைத்த உலர்ந்த திராட்சை மலபந்தத்துக்கு வீட்டு மருந்து. கறுப்புத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்னும் பொருளைப் பற்றி மிகுதியாகப் பேசப்படினும், ஒரு கொத்தில் கிடைக்கும் அளவு சொற்பமே. நீரிழிவுக்காரர் அளவறிந்து உண்ண வேண்டும். தோலின் மேல் படரும் சாம்பல் நிறப் பூச்சு பழத்தின் இயற்கை மெழுகுதான். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. தோட்டத்தில் தெளிக்கும் பூச்சிமருந்துக்காகவே நன்றாய்க் கழுவ வேண்டும்.

ஆயினும் இவற்றில் ஒன்றும் பீடத்தைச் சேர்ந்ததன்று. தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குச் சிறிது திராட்சை இரசம் பருகச் சொன்ன அப்போஸ்தலர் பவுல், கர்த்தருடைய இராப்போஜனத்தைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும்போது வயிற்றைப் பேசாமல், மரணத்தையும் நினைவையும், ஏழைகளை வெட்கப்படுத்தலாகாது என்பதையுமே பேசுகிறார். தேகாரோக்கியமே நோக்கமாயிருந்தால், 1415இல் கான்ஸ்டன்ஸ் மகாசங்கம் பாத்திரத்தைக் குருவுக்கு மட்டும் வைத்துவிட்டு, மக்களுக்கு அப்பத்தை மட்டும் கொடுத்தது எப்படிப் பொருந்தும்? இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் அவ்விதி தளர்ந்தும், பெரும்பாலான பூசைகளில் நம் மக்கள் இரசத்தைப் பருகுவதில்லை. அதனால் அவர்களுடைய நற்கருணை குறைபட்டுவிட்டதென்று சபை கருதுவதுமில்லை. அண்டையிலுள்ள மாதேஸ்வரன் மலையில் பிரசாதப் பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பக்தனும் அதன் சத்தைக் கணக்கிடுவதில்லை. பெற்றுக்கொள்கிறவனின் பணிவிலேதான் அந்தப் பழத்தின் மகிமை இருக்கிறது. உடல் அடையும் நன்மை தனி வரம், அதற்குத் தனியே நன்றி செலுத்தலாம்.

ஆகையால் குழந்தைகளுக்கு மறைக்கல்வி போதிப்போர், பூசையின் மேன்மையை விளக்க வைட்டமின் கணக்கைத் துணைக்கு அழைக்க வேண்டாமென்று வேண்டிக்கொள்கிறேன்.